மகள் படிப்புக்கு வைத்த பணத்தில் மலைப்படைச் சீருடை வாங்கலாமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். வயது 47, சம்பளம் 62,000 ரூபாய். எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாவின் கம்பளிக் கோட்டு வீட்டில் இருக்கிறது. அதிலிருந்துதான் பழைய குளிர்காலச் சீருடைகள் சேர்க்கும் ஆர்வம் வந்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் ஒரு வியாபாரி, பிரெஞ்சு ராணுவத்தின் ஆல்ப்ஸ் மலைப்படையின் அகலத் தொப்பி, நீலச் சட்டை, வெள்ளைப் பனியங்கி, பூட்ஸ் எல்லாவற்றையும் மொத்தமாக 5.5 லட்சத்துக்குத் தருகிறார். 1940-ல் நார்வேயில் நடந்த நார்விக் போரில் இருந்த வீரருடையது என்கிறார். ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்காகப் போட்ட 6 லட்சம் எஃப்.டி.யை உடைக்கலாமா? பின்னால் நல்ல விலை போகும் என்கிறார்கள்.

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை. அந்த நேரத்தில் இந்தச் சீருடைகளை நினைத்தவுடன் விற்றுக் காசாக்க முடியாது.

5.5 லட்சம் என்பது வியாபாரியின் விலை மட்டும்தான். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், கூரியர், காப்பீடு, சுங்க வரி, இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி. (ஐ.ஜி.எஸ்.டி.) எல்லாம் சேர்ந்து 7.5 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான். அங்கே ஏலத்தில் விட்டால் கமிஷன் 20 சதவீதம் என்றாலும், போட்ட பணம் திரும்பி வரவே சுமார் 9.4 லட்சத்துக்கு விலை போக வேண்டும். லாபம் வந்தால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததற்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி. சொந்த உபயோகத் துணிமணிக்கு விலக்கு உண்டுதான். ஆனால் முதலீடு என்று வாங்கியதை அப்படிக் காட்டுவது கடினம்.

இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொகுப்பில் முதல் உலகப் போர் காலத்துச் சட்டை ஏதும் இருந்தால், இங்கே வந்தபின் திரும்ப விற்க அனுப்புவதே பிரச்சினையாகலாம்.

நார்விக் கதைக்கு ஆதாரம் கேளுங்கள். அந்த வீரரின் ராணுவப் புத்தகம் (பணி விவரம் பதிந்த கையேடு), பெயர் எழுதிய உள்துணி, ஆண்டு தெரியும் முத்திரை இவற்றின் புகைப்படம் வரட்டும். புற ஊதா விளக்கில் தையல் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் பின்னாளில் செய்த நகலாக இருக்கலாம். நவீன சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நம் கடற்காற்றையும் கணக்கில் சேருங்கள். அந்துப்பூச்சி முதலில் அரிப்பது வியர்வை ஊறிய காலர் மடிப்பையும் கக்கத் தையலையும்தான். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துவைத்த காடாத் துணியில் சுற்றி, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தாத்தாவின் கோட்டுக்கு இதை இன்றே செய்யுங்கள். அவருடைய ராணுவப் புத்தகம், பென்ஷன் காகிதம், பழைய போட்டோ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். உங்கள் வீட்டில் இருப்பதிலேயே மதிப்புள்ள சீருடை அதுதான் என்று நினைக்கிறேன். அதை விற்கும் யோசனை வேண்டாம்.

ஆர்வத்தை விடச் சொல்லவில்லை. மாதம் 3,000 ரூபாய் தனி ஆர்.டி. போடுங்கள், அதில் சேரும் பணத்துக்கு மட்டும் வாங்குங்கள். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பக்கம் போக வேண்டாம். தொகுப்பைப் பிரித்துத் தொப்பியை மட்டும் தருவாரா என்று வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆல்ப்ஸ் மலைப்படை 1888-லிருந்து இருக்கிறது. அதன் தொப்பிகள் இன்னும் பல ஏலங்களில் வரும்.