வேதாகம உறைக்குள் ஒரு பீரோ சாவி

கேள்வி: எனக்கு வயது 61. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டமும் ஒரு வீடும் இருக்கின்றன. கணவர் இல்லை. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமைதோறும் மேலே வருவான். வீட்டில் நானும் மருமகளும் பேரனும்தான். தினமும் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து வேதம் வாசிக்கிறேன். மூன்று முறை முழுவதும் வாசித்து முடித்துவிட்டேன். ஆனாலும் விசுவாசம் வளரவில்லை. மழை பிடித்துக்கொண்டால் மண் சரியுமோ என்று தூக்கம் வருவதில்லை. பசுந்தேயிலை விலை இறங்கினால் நெஞ்சு படபடக்கிறது. தியானத்திலும் மனம் நிற்பதில்லை. பீரோ சாவியை வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் வைத்திருப்பதால், திறக்கும்போதெல்லாம் அது தரையில் விழுந்து சத்தம் போட்டு வேறு கலைக்கிறது. மகனுக்குக் கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. மருமகள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பகுதியை வாசித்தால் என் விசுவாசம் உறுதிப்படும்?
ஒரு வாசகி, நீலகிரி

பதில்: அம்மா, மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121-ம் சங்கீதத்தை வாசியுங்கள், பயம் தீரும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. மலையில் இருக்கும் கிறிஸ்தவ வீடுகளில் பாதியில் அது சுவரிலேயே தொங்குகிறது. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லோரும் கேட்பது எந்த அதிகாரம், எந்த நேரம் என்றுதான். 1189 அதிகாரங்களையும் மூன்று தடவை வாசித்தவருக்குப் புதிதாக எந்த அதிகாரத்தை நான் சொல்ல முடியும்?

நான் கேட்க வேண்டியது அந்தச் சாவியைப் பற்றி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வீட்டில் ஆணி இல்லையா, அலமாரி இல்லையா, உங்கள் முந்தானை இல்லையா? ஏன் வேதாகமத்துக்குள்? மருமகள் கைவைக்கத் தயங்குகிற ஒரே இடம் அது என்பதால்தானே? அந்தப் பெண்ணின் பயபக்தியையே அவளுக்கு எதிரான பூட்டாக்கி வைத்திருக்கிறீர்கள்.

கேஸ் சிலிண்டர் வந்தாலும், பேரன் பள்ளியில் பணம் கேட்டாலும் அவள் உங்கள் அறை வாசலில் வந்து நிற்க வேண்டும். நீங்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜிப்பை இழுப்பீர்கள். இடம் அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஊர் அடங்கிக் கிடக்கும் நான்கரை மணிக்குத் தரையில் விழும் சாவியின் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காமலா போகும்? அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் தொடவில்லை. இதைவிட என்ன சாட்சி உங்களுக்கு வேண்டும்?

ரூத்தின் சரித்திரத்தையும் மூன்று தடவை வாசித்திருப்பீர்கள். நாலே அதிகாரம். பிரசங்கத்தில் எப்போதும் மருமகள் ரூத்தின் கீழ்ப்படிதலையே பேசுவார்கள். மாமியார்கள் தலையாட்டிக் கேட்பார்கள். நீங்கள் மாமியார் நகோமியைக் கவனியுங்கள். பெத்லகேமுக்கு வந்து சேர்ந்ததும் அவள் ஊர்ப் பெண்களிடம், "நிறைவுள்ளவளாய்ப் போனேன்; கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்கிறாள். வெறுமையாம்! சொந்த நாட்டை விட்டுவிட்டு அவளை நம்பி வந்த மருமகள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் கணக்கில் அந்தப் பெண் வரவே இல்லை. அந்த மருமகள்தான் பிறகு வயலில் கதிர் பொறுக்கி, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். ஏழு குமாரரைப் பார்க்கிலும் உனக்கு அருமையானவள் என்று கடைசி அதிகாரத்தில் ஊர்ப் பெண்கள்தான் நகோமிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கு இந்தப் பத்திரிகை சொல்ல வேண்டியிருக்கிறது.

"நாளைக்கு அவள் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசிடம் பணப்பை இருந்தது, அதிலிருந்து அவன் எடுத்துக்கொண்டிருந்தான் என்று யோவான் எழுதுகிறார். கடைசி இராப்போஜனத்தின்போதும் பை அவனிடம்தான் இருந்தது. இயேசு அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஒருத்தியை நீங்கள் 11 வருடமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்ற கேள்வியும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது.

மழைப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மலையில் இருக்கும் யாருக்கும் அடைமழை இரவில் தூக்கம் வராதுதான். ஆனால் அப்படி ஓர் இரவில் வீட்டைவிட்டு இறங்க வேண்டி வந்தால் பட்டாவும் ரேஷன் கார்டும் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? மகன் மலைக்குக் கீழே இருப்பான். உங்கள் கையைப் பிடித்து இறக்கப்போகிறவள் அவள்தான்.

தேயிலை விலை உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அதை விடுங்கள்.

நிலத்தை எழுதிக்கொடுக்கச் சொல்லவில்லை. பத்திரம் வேறு, சாவி வேறு. தோட்டம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மூத்த குடிமக்களைக் காக்க 2007-ம் ஆண்டுச் சட்டம் இருந்தாலும், கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தேடி அலையும் நிலை உங்களுக்கு வேண்டாம். ஆனால் குடும்பத்தை நடத்தும் பொறுப்பைக் கண் திறந்திருக்கும்போதே அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட வேண்டும். இது மாமியாரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த உங்கள் மகனையும் நான் மெச்சமாட்டேன்.

அடுத்த மாதம் இலைப் பணம் வந்ததும் அவள் கையில் கொடுங்கள். உங்கள் மாத்திரைக்கும் காணிக்கைக்கும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், அந்தக் கூச்சம் எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சாவியைக் கொடுக்கும்போது ஜெபமும் வசனமும் வேண்டாம், மகனைக் கூப்பிட்டு அவன் முன்னால் பெரிய காரியமாக ஆக்கவும் வேண்டாம். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எந்தப் பூட்டு முரண்டு பிடிக்கும், எப்படி அழுத்தித் திருப்ப வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள்.