சூமா, வெளிச்சமா? கமரா வாங்கப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ் கமரா வாங்குவதா, லென்ஸ் கழற்ற முடியாத பெரிய சூம் கமரா வாங்குவதா என்று கேட்டு வந்தவற்றில் ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எல்லோரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எத்தனை மணிக்குப் படம் எடுக்கப் போகிறீர்கள்? எவ்வளவு தூரத்திலிருந்து என்பது இரண்டாவது கேள்வி.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, ஒரு கமராவில் 65 மடங்கு சூம் என்று எழுதியிருக்கிறது. மிரர்லெஸ் ஒன்றோடு வரும் லென்ஸில் இரண்டரை மடங்குதான். பிறகு ஏன் எல்லோரும் மிரர்லெஸ் வாங்கச் சொல்கிறார்கள்?

தம்பி, அந்த ‘மடங்கு’ ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். லென்ஸின் குவியத் தூரத்தை மி.மீ.யில் சொல்வார்கள், எண் கூடக் கூட நெருக்கிக் காட்டும். அதன் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்தால் வருவதுதான் மடங்கு. நீங்கள் பார்த்தது கெனான் எஸ்எக்ஸ்70 ஆக இருக்க வேண்டும். அது 21 முதல் 1365 மி.மீ. வரை போகிறது, ஆகவே 65. ஆனால் அந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 3.8 முதல் 247 மி.மீ. வரைதான். சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, மிகச் சிறியதாக இருப்பதால் 247 மி.மீ. லென்ஸ் பழைய ஃபிலிம் கமராவில் மாட்டிய 1365 மி.மீ. லென்ஸைப் போல நெருக்கிக் காட்டுகிறது. சென்சாரின் அளவு சுமார் 6.2க்கு 4.6 மி.மீ. பரப்பாகப் பார்த்தால் ஏறக்குறைய 28 சதுர மி.மீ. கெனான் ஆர்50 போன்ற மிரர்லெஸில் அது 22.3க்கு 14.9, அதாவது 332 சதுர மி.மீ. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். இந்த மடங்கைப் பெட்டியில் எழுதி ஒட்டமாட்டார்கள்.

காலி முகத்திடலில் நண்பகல் வெயிலில் பட்டம் விடும் பிள்ளைகளை எடுத்தால் இரண்டு கமராக்களின் படங்களையும் கைபேசித் திரையில் பிரித்துச் சொல்வது கடினம். வெளிச்சம் கொட்டிக் கிடக்கும்போது சிறிய சென்சாருக்கும் பஞ்சமில்லை. மாலை ஆறரைக்கு இறால் வடை வண்டிகளில் விளக்கு ஏற்றிய பிறகு எடுத்துப் பாருங்கள். சிறிய சென்சாரின் படத்தில் முகங்கள் மணல் தூவியதுபோல இருக்கும். அல்லது அந்த மணலை மென்பொருள் துடைக்கப் போய், தோலையும் சேர்த்து மெழுகிவிட்டிருக்கும். நீங்கள் மாணவர். பகலில் வகுப்பு, படம் எடுக்கப் போவது மாலையும் இரவும். மிரர்லெஸ் வாங்குங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் அடுத்த வருடம். மண்டபத்தின் நடுவிலிருந்து எடுக்கப் பெரிய சூம்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

அக்கா, கடைக்காரர் தூரத்தை மட்டும் அளந்திருக்கிறார். மண்டபம் இருட்டு என்பதை யார் அளப்பது?

இந்த வகைக் கமராக்களில் சூமை நீட்ட நீட்ட அப்பர்ச்சர் என்னும் ஒளித்துளை சுருங்கும். முழு நீட்டத்தில் எஃப் 6.5 அளவில் வந்து நிற்கும் (எஃப் எண் கூடினால் துளை சிறியது). மிரர்லெஸில் போடும் மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 13 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மேலே சொன்ன பன்னிரண்டு மடங்கு சென்சார் பரப்பை இதோடு பெருக்கிப் பாருங்கள். அடவு ஆடும்போது கை நின்று தெரிய நொடியில் 250இல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும், குதிக்கும் இடங்களில் 500இல் ஒரு பங்கு. அந்த வேகத்தைத் தருவது வெளிச்சம் மட்டுமே. ‘அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே’ என்று அடுத்து சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத் தடுக்கும். மகளின் அசைவை நிறுத்தாது.

இன்னும் சில விடயங்கள். நடுவில் உட்காராதீர்கள். தாய்க்கு மூன்றாம் வரிசையில் இடம் தர மறுக்கும் ஏற்பாட்டாளர் இன்னும் பிறக்கவில்லை. அங்கிருந்து 50 மி.மீ. தாராளம், நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் 85 மி.மீ. எஃப் 2 போன்ற ஒன்று. சத்தம் வராமல் இருக்க ஓசையற்ற ஷட்டரைப் போட்டீர்களானால், சில எல்.ஈ.டி. மேடை விளக்குகளின் கீழ் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். ஒத்திகை நாளிலேயே அதைச் சோதித்துவிடுங்கள். சிவப்பு விளக்கு முகத்தில் விழும்போது வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் கன்னமும் நெற்றிச்சுட்டியும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் ஆடி முடிந்து பிள்ளை அரைமண்டியில் அப்படியே நிற்கும் கணம் ஒன்று வருமே, மிருதங்கம் கேட்டுப் பழகிய உங்களுக்கு அது முன்கூட்டியே தெரியும். வாடகைக்கு வரும் படப்பிடிப்பாளருக்குத் தெரியாது.

தெஹிவளையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை: தம்பி, நான் அத்திடிய, தலங்கமப் பக்கம் காலையில் பறவை பார்க்கப் போகிறேன். பேரன் மிரர்லெஸ்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம். எனக்குத் தோள் வலி.

ரீச்சர், பேரனை ஒருமுறை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சூம் கமராதான்.

எடையைப் பாருங்கள். எஸ்எக்ஸ்70 சுமார் 610 கிராம். ஆர்50 உடல் 375 கிராம்தான், ஆனால் பறவைக்கு அதில் 100-400 மி.மீ. லென்ஸ் மாட்ட வேண்டும். அது 635 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ. விலையும் அப்படியே ஏறும். நிக்கான் பி950 இன்னும் நெருக்கமாக, 2000 மி.மீ. வரை போகும், ஆனால் அதுவும் ஒரு கிலோ. தோளை நினைத்து முதலாவதையே சொல்வேன்.

குளத்து ஓரத்தில் நிற்கும் நாரை, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி எல்லாம் நன்றாக வரும். பறக்கும் பறவையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சூம் கமராவின் குவியம் தேடித் தேடி வந்து சேரும்போது பறவை பாராளுமன்றத்தைத் தாண்டியிருக்கும். ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு எண்ணை 400க்கு மேல் ஏறவிடாதீர்கள். முழு சூமில் பறவை சட்டத்தை விட்டு நழுவினால், லென்ஸைச் சற்றுப் பின்வாங்கி மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் பொத்தான் இந்தக் கமராக்களில் இருக்கிறது. அதை விரலுக்குப் பழக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். வெயில் ஏறியதும் நீர்மேல் காற்று அலையாடத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்த லென்ஸாலும் இறகைப் பிரித்துக் காட்ட முடியாது.

பேரன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த 100-400 லென்ஸ் ஆர்50இல் 640 மி.மீ. போல நடக்கும். 24 மெகாபிக்சல் படத்தின் நடுப்பகுதியைப் பாதி அகலத்துக்கு வெட்டினால் 1280 மி.மீ. நெருக்கமும் 6 மெகாபிக்சலும் மிஞ்சும். ஏ4 தாளில் அச்சிட அது போதும். பறவையின் கண்ணைத் தானாகப் பிடித்துத் தொடரும் குவியமும் உண்டு. பேரன் கூடவே வந்து பையைத் தூக்குவதாக இருந்தால் மறுபடி யோசிக்கலாம்.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்: நீங்கள் சூம் கமராவை மட்டம் தட்டுகிறீர்கள். என் பி1000இல் காலி முகத்திடலிலிருந்து எடுத்த கப்பலின் பெயரையே வாசிக்கலாம். எந்த மிரர்லெஸால் முடியும்?

முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 2018இல் வந்த நிக்கான் பி1000 போகும் 3000 மி.மீ. நெருக்கத்துக்கு மிரர்லெஸ்காரர் சாதாரணமாக வாங்கக்கூடிய லென்ஸ் கிடையாது. துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல், தாமரைக் கோபுரத்தின் உச்சிக் கம்பி, இவற்றுக்கு உங்கள் கமராவை வெல்ல ஆளில்லை. அதே கமராவில் இரவு பத்து மணிக்கு புறக்கோட்டையில் எடுத்த படம் ஒன்றையும் அனுப்புங்கள். பிறகு பேசலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: மொட்டை மாடியிலிருந்து நிலாவை எடுக்க எது?

சூம். இரவாயிருந்தாலும் நிலாவில் அடிப்பது சூரிய வெளிச்சம், ஆகவே இங்கே வெளிச்சப் பஞ்சம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, நொடியில் 125இல் ஒரு பங்கு என்று தொடங்கிச் சற்று ஏற்றி இறக்குங்கள். கமராவைத் தானியங்கியில் விட்டால் வெள்ளைத் தட்டுதான் வரும். 2000 மி.மீ.யில் நிலா சட்டத்தின் உயரத்தில் முக்கால்வாசியை நிரப்பும், 3000இல் சட்டத்துக்குள் அடங்காது. போயா இரவில் எடுக்காதீர்கள். முழுநிலவில் ஒளி நேராக விழுவதால் பள்ளங்களின் நிழல் மறைந்துவிடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் எடுத்தால் பள்ளமும் மேடும் எழுந்து நிற்கும்.

வத்தளையிலிருந்து: குடும்பத்தோடு பதுளை ரயில், பிறகு தமிழ்நாட்டுக் கோவில்கள். ஒரே கமரா, சட்டைப்பையில் அடங்க வேண்டும்.

சிறிய சென்சாரில் 40 மடங்கு சூம் உள்ள குட்டிக் கமராக்களை வாங்காதீர்கள். அகலக் கோணத்தில் உங்கள் கைபேசி அவற்றை வென்றுவிடும். ஒரு அங்குல வகைச் சென்சார் உள்ளதாகத் தேடுங்கள், அது 13.2க்கு 8.8 மி.மீ., சிறியதைப் போல நான்கு மடங்கு பரப்பு. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 என்றால் 24 முதல் 200 மி.மீ., பானசோனிக் டிஇசட்200 என்றால் 360 வரை. கோபுரத்துச் சுதையைக் கீழே நின்று எடுக்க 360 நல்லது. மங்கலான பிரகாரத்துக்கு சோனி ஒரு பிடி மேல். எதை வாங்கினாலும் கருவறைப் பக்கம் திருப்பாதீர்கள்.

மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகிறோம். 1000 மி.மீ. போதுமா?

அதிகம். ஆடும் படகில் 1000 மி.மீ.யை வைத்துக்கொண்டு கடலில் எதையும் தேடிப் பிடிக்க முடியாது. 200 முதல் 300 மி.மீ., நொடியில் 1000இல் ஒரு பங்கு, தொடர் படப்பிடிப்பு. இரண்டு வகையும் சரி. திமிங்கிலம் வால் தூக்குவது பகலில்தானே. காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மற்றப் பாதி வருடத்துக்குத் திருகோணமலை.

மீண்டும் வெள்ளவத்தை, கடல் பார்த்த வீடு: லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. மிரர்லெஸ் வாங்கினால் இந்தத் தொல்லை வராதா?

வரும். பூஞ்சைக்குக் கமராவின் விலை தெரியாது. ஆனால் வந்தபின் நடப்பது வேறு. மிரர்லெஸில் அந்த ஒரு லென்ஸைக் கழற்றித் துப்புரவுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை மாட்டலாம். சூம் கமராவில் லென்ஸ் கெட்டால் முழுக் கமராவும் பழுதுபார்ப்பவர் மேசைக்குப் போகும். அதுபோக, ஒவ்வொரு முறை நீண்டு சுருங்கும்போதும் அது வெளிக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது. மிரர்லெஸிலோ லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் தூசி விழும். அதைச் சிறு ஊதுபந்தால் வீட்டிலேயே தட்டிவிடலாம்.

கமராவோடு வந்த உறையில் வைத்து அலுமாரியில் பூட்டுவதைப் போலக் கெட்ட பழக்கம் வேறில்லை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சேலைக்கு நடுவே பூச்சி உருண்டை இருக்கும் அலுமாரி என்றால் இன்னும் மோசம். அந்த உருண்டையும் கற்பூரமும் கமராவுக்கு ஆகாது என்று நிறுவனங்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் கொக்கி போடும் பிளாஸ்டிக் உணவுப் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், ஆனால் உணவுப் பெட்டியே வேலையைச் செய்யும்.

கடற்கரையிலிருந்து வந்தவுடன், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் உடலைத் துடைத்துப் பிறகு உலர்ந்த துணி. உப்பை உலர விடாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே போகும்போது கமராவைப் பையிலேயே அரை மணி நேரம் விடுங்கள், கண்ணாடியில் நீர் படியாது.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: கனடாவில் இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறார். அல்லது இங்கேயே பாவித்த கமரா வாங்கலாமா?

மச்சான் கொண்டுவந்தால் விலை குறையலாம். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் என்பதைக் கணக்கில் சேருங்கள். பல பாகங்கள் அசையும் சூம் கமராவுக்கு உள்ளூர் முகவரின் உத்தரவாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கத் தக்கது. யப்பான் சந்தைக்கென்று விற்ற சோனி கமராக்கள் பலவற்றில் மெனு யப்பானிய மொழியில் மட்டுமே வரும். ‘புத்தம் புதிது, அரை விலை’ என்று வருபவற்றில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாவித்ததை வாங்கலாம், ஆனால் பகலில் போய்ப் பாருங்கள். சூம் கமராவை முழுதாக நீட்டிச் சுருக்குங்கள். அரைபடும் சத்தமோ தயக்கமோ இருந்தால் வேண்டாம். டார்ச் விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடியுங்கள். சிலந்தி இழைபோல் ஏதும் தெரிந்தால் அது பூஞ்சை. மிரர்லெஸ் என்றால் எஃப் 16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், சென்சார் தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, அகலக் கோணத்திலும் நீண்ட முனையிலும் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கமரா எங்கோ விழுந்திருக்கிறது. இவ்வளவையும் உங்கள் சொந்த மெமரி கார்டில் எடுத்துக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள். கமராவின் பின்திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.