கொல்லாத வழி

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ‘டிஸ்ஆனர்ட்’ என்ற வீடியோ கேம் வேண்டுமென்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான். உறையில் 18 என்று போட்டிருக்கிறது. கேட்டால், “இது பதுங்கிப் போகிற ஸ்டெல்த் கேம்ப்பா, ஒருத்தரைக்கூடக் கொல்லாமல் முடிக்கலாம்” என்கிறான். நம்பலாமா?

பதில்: நம்பலாம். பையன் பொய் சொல்லவில்லை, பாதியை விட்டுவிட்டான்.

2012-இல் வந்த கேம் அது. கொள்ளைநோய் பரவிய நகரம், கொலைப்பழி சுமந்த ஒரு மெய்க்காவலன். ஒரு கொலைகூட இல்லாமல் கடைசிவரை போகலாம் என்பது உண்மைதான். கொன்று குவித்தால் நகரத்தில் எலிகள் பெருகும், முடிவும் இருண்டுபோகும். கதையில் வரும் சிறுமி வரைகிற படங்கள்கூடக் கோரமாகும். வெட்டித் தள்ளினால் பரிசு தருகிற எத்தனையோ கேம்களைவிட யோசித்துச் செய்தது.

சரி, கொல்லாமல் எதிரிகளை என்ன செய்வது? இரண்டு சகோதரர்களின் நாக்கை ஆள் வைத்து அறுத்து, அவர்களுடைய சுரங்கத்திலேயே அடிமைகளாகத் தள்ளலாம். முகமூடி விருந்து நடத்தும் சீமாட்டி ஒருத்தியை மயக்கமாக்கி, அவள்மேல் வெறிபிடித்து அலைகிறவனிடம் ஒப்படைக்கலாம். அவன் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். கேமின் கணக்கில் இரண்டும் ‘கொல்லாத வழி’. திரையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. எனக்கோ கழுத்தறுக்கும் காட்சியைவிட அந்தப் படகுதான் உறுத்துகிறது.

உறையில் உள்ள 18 ஐரோப்பாவின் பெகி அமைப்பு தந்தது. அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி இதற்கு ‘எம்’ போட்டது, அதாவது 17 வயதும் அதற்கு மேலும். ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. “என் பிள்ளை கெட்டிக்காரன், சமாளிப்பான்” என்கிற பெற்றோர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஈஎஸ்ஆர்பி தளத்தில் கேமின் பெயரைத் தேடினால், என்னென்ன வருகிறது என்று ஒரு பத்தி இருக்கும். அப்புறம் யூடியூபில் யாராவது முழுதாக ஆடிய வீடியோவில் அந்த விருந்துக் கட்டத்தையும், குளியல் விடுதி என்ற பெயரில் நடக்கும் வேசியர் விடுதிக் கட்டத்தையும் பாருங்கள். டிரெய்லர் உதவாது.

நானாக இருந்தால் 15 வயதில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆட இதை வாங்கித் தர மாட்டேன். 17 நெருங்கட்டும். அப்போதும் கூடத்தில் வைத்து ஆடட்டும், “அந்தச் சீமாட்டியை என்னடா செய்தாய்?” என்று கேட்பேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கின பிறகு.

பதுங்கி ஆடுவதுதான் பிடிக்கும் என்று இன்னமும் சாதிக்கிறானா? 2019-இல் வந்த ‘அன்டைட்டில்டு கூஸ் கேம்’ வாங்கிக் கொடுங்கள். ஒரு வாத்து, ஊரார் கண்ணில் படாமல் சாவியையும் செருப்பையும் திருடும். எல்லா வயதுக்கும் உரியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பரவாயில்லை, இரண்டு பேர் சேர்ந்து ஆடவும் வழியிருக்கிறது. ஒரு வாத்து நீங்கள்.