முட்டையை விற்பதா, அடை வைப்பதா? சிறுவிடைக் கோழி வளர்ப்பில் ஒரு கணக்கு

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மணப்பாறை பக்கம். வீட்டில் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக் கோழியில் எட்டுப் பெட்டைகளும் இரண்டு சேவல்களும் நிற்கின்றன. சித்திரையில் ஒரு கோழிக்கு 14 முட்டை அடை வைத்தேன். ஐந்துதான் பொரிந்தன. அதில் ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது, இரண்டு கழிந்து செத்துப்போயின. மிச்சம் இரண்டு தாயோடு திரிகின்றன. டவுன் கடைக்காரர் முட்டைக்கு 12 ரூபாய் தருகிறேன் என்கிறார். முப்பது கோழி வரை பெருக்கி முட்டை விற்க ஆசை. கரண்டில் குஞ்சு பொரிக்க 50 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் வாங்கலாமா? தீவனம் என்ன போட வேண்டும்?

பதில்: இன்குபேட்டர் இப்போது வேண்டாம் அம்மா. எட்டுக் கோழியும் ஒரே நேரத்தில் முட்டையிடாது. பாதிக் கோழிகள் முட்டையில் இருந்தாலும் வாரத்துக்கு 12 முதல் 15 முட்டைதான் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டையில் பொரிப்பு குறைந்துகொண்டே போகும். அப்படியிருக்க 50 முட்டையை எப்போது சேர்ப்பது? மூன்று வாரம் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்ற கவலை வேறு. உங்கள் பெட்டைகளே அந்த வேலையை நன்றாகச் செய்யும். கோளாறு அடைக்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது.

முதலில் சித்திரையில் போன ஒன்பது முட்டைகள். கோழி முட்டையில் கரு வளரத் தொடங்க அடைக்கோழியின் சூடுதான் வேண்டும் என்பதில்லை. வெயில் காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் வெக்கையே அதை அரைகுறையாகக் கிளப்பிவிடும். கிளம்பிய கரு இரவில் சூடு தணிந்ததும் நின்றுபோகும், மறுநாள் மறுபடி தொடங்கும். இப்படி நாலைந்து நாள் கிடந்த முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்தால் கூமுட்டைதான். இடி இடித்ததால் கெட்டது என்பார்கள், அடைக் கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுவார்கள். போட்டால் நஷ்டமில்லை, ஆனால் பழி பெரும்பாலும் இடி மேல் இல்லை, முட்டையை வைத்திருந்த இடத்தின் மேல்தான்.

அடைக்கு என்று எடுக்கும் முட்டையை அன்றன்றே பென்சிலால் தேதி குறித்து, மண்பானையில் பாதிக்கு ஈர மணல் போட்டு, மேலே ஒரு துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். பானையின் வாயை ஈரத்துணியால் மூடி வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். கோடையில் நாலைந்து நாளுக்கு மேலும் மற்ற காலத்தில் ஏழு நாளுக்கு மேலும் சேர்க்க வேண்டாம். சிறுவிடை உடம்புக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். பதினான்கு வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு மாறி மாறித்தான் கிடைக்கும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் அடை வைப்பதைத் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அந்த மாதங்களில் முட்டையை விற்றுவிடுங்கள்.

ஏழாம் நாள் ராத்திரி இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்ததுபோல ரத்த நரம்பு ஓடினால் கரு நன்றாக இருக்கிறது. வெறுமனே மஞ்சள் வெளிச்சம் தெரிந்தால் கரு கூடாத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். கரு கூடாதவை நிறைய இருந்தால் சேவலைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டே இருக்கும், இரண்டுமே ஒழுங்காக அணையாது. ஒன்றை விற்றுவிடுங்கள். மிச்சமுள்ளதையும் வருடத்துக்கு ஒரு முறை வேறு ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அப்பன் மகளையே அணைந்து குஞ்சுகள் சோடையாகிவிடும்.

இனிதான் முக்கியமான கணக்கு. சிறுவிடை ஒரு ஈத்தில் 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். இடுவதற்கு மூன்று நாலு வாரம், அடை 21 நாள், அப்புறம் குஞ்சைக் கூட்டிக்கொண்டு இரண்டரை, மூன்று மாதம் திரியும். அது முடிந்தால்தான் அடுத்த ஈத்து. ஆக வருடத்துக்கு மூன்று ஈத்து, நாற்பது சொச்சம் முட்டை. அதிலும் பாதிக்கு மேல் அடைக்கே போய்விடும். விற்க என்ன மிஞ்சும்? குஞ்சு பொரிந்த உடனே தாயிடமிருந்து பிரித்து நீங்கள் வளர்த்தால், அந்தக் கோழி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். ஈத்து ஐந்தாகும், அதே கோழியிடம் அறுபது, எழுபது முட்டை எடுக்கலாம். இன்குபேட்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் குஞ்சு வளர்க்கும் இடத்துக்குச் செலவழியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பழைய தகரத்தையோ கெட்டி அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். தரையில் இரண்டு அங்குலம் உமி, அதன் மேல் முதல் மூன்று நாலு நாள் செய்தித்தாள். மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்று 25, 30 குஞ்சுக்குப் போதும். எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டுவிட்டு ‘குஞ்சு ஏன் சாகிறது’ என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அதில் வெளிச்சம் உண்டு, குஞ்சுக்குத் தேவையான சூடு கிடையாது. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது, தகரத்தை ஒட்டி ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போடுங்கள், விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். ஐந்தாறு வாரம் உள்ளேயே வளர்த்துவிட்டால் பருந்துக்கும் கீரிக்கும் பாதி பயம் விட்டுப்போகும்.

கழிந்து செத்த இரண்டும் என்ன நோயில் போயின என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஈரத் தரை, குளிர், அழுக்குத் தண்ணீர் என எதனாலும் ஆகலாம். மூன்று வாரத்துக்கு மேல் ஆன குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் ரத்தக் கழிச்சல், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் முப்பது கோழியையும் ஒரே வாரத்தில் துடைத்துப் போடக்கூடியது வெள்ளைக் கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், கழுத்து திருகும். வந்த பின் அதற்கு மருந்து கிடையாது. தடுப்பு மருந்து மட்டும்தான். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. பெரிய கோழிகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுவிடுங்கள். மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு மேல் போடும் அளவில்தான் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், போடும் வரை ஐஸிலிருந்து எடுக்கவும் கூடாது. அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று சொல்வார்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் கோழி செத்துக்கொண்டிருக்கும்போது சந்தையிலிருந்து புதுக் கோழி வாங்கி வந்து கூட்டில் விடாதீர்கள். எப்போது வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

தீவனத்துக்கு வருவோம். குஞ்சுக்கு எட்டு வாரம் வரை கம்பெனிக் குஞ்சுத் தீவனமே போடுங்கள். அந்த வயதில் வெறும் நொய்யில் வளர்த்த குஞ்சு பிற்பாடு தேறாது. மேய்கிற பெரிய கோழிக்கு சாயங்காலம் அடையும் நேரத்தில் ஆளுக்கு 30 முதல் 50 கிராம் கம்பு, சோளம், நொய் போதும். அதையே வழக்கமாக்கினால் எல்லாம் தானாகக் கூட்டுக்கு வரும், எண்ணிக்கொள்ளலாம். புரதத்துக்குப் பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து நீர் தெளித்துப் புற்று இருக்கும் பக்கம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் கரையான் ஏறியிருக்கும், குஞ்சுகள் விழுந்து தின்னும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற பாசி போன்ற செடியையும் கொஞ்சம் வளர்க்கலாம். கடலைப் பிண்ணாக்கு போட்டால் பூசணம் பிடிக்காததாகப் பார்த்துப் போடுங்கள், பூசண நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சலை நொறுக்கி ஒரு சட்டியில் வைத்துவிடுங்கள், வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.

எட்டு கோழியையும் அடைக்கு விட வேண்டியதில்லை. நன்றாக அடை காக்கும் மூன்று நாலு கோழிகளை மட்டும் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அடைக்கு உட்கார்ந்தால் கம்பி வலைத் தரையுள்ள கூண்டில், காற்றோட்டமாக, தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வைத்தால் அடை தெளிந்துவிடும். மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் பாவம், தேவையும் இல்லை. முட்டைக்கென்றே இன்னும் அதிகம் வேண்டுமென்றால் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்ரியா குஞ்சுகளில் பத்து வாங்கி வளர்க்கலாம். வருடத்துக்கு நூறுக்கு மேல் இடும். ஆனால் அடைக்கு உட்காருவதை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பருந்தைக் கண்டு ஓடும் சாமர்த்தியமும் சிறுவிடைக்கு உள்ள அளவு கிடையாது. எனக்கு சிறுவிடையைத் தாய்க் கூட்டமாக வைத்துக்கொள்வதுதான் பிடிக்கும்.

விற்கும் முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போனால் சீக்கிரம் கெடும், காய்ந்த துணியால் துடைத்தால் போதும். டீத்தண்ணீரில் நனைத்த பண்ணை முட்டையை நாட்டு முட்டை என்று வாங்கி ஏமாந்தவர்கள் டவுனில் நிறைய இருக்கிறார்கள். அதனால் கடைக்காரரை மட்டும் நம்பாமல், வாரம் ஒரு நாள் தேதி எழுதிய முட்டையோடு நாலைந்து வீட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பாருங்கள், 12 ரூபாய்க்கு மேலேயே கேட்க முடியும். புரட்டாசியில் பல வீடுகளில் முட்டை வாங்க மாட்டார்கள். அந்த மாத முட்டையை அடைக்குத் திருப்பிவிடுங்கள். அதில் பொரியும் குஞ்சுகள் அடைமழையில் வளரும் என்பதால் உமி மட்டும் ஈரமாகாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.