குன்னூர் வீட்டில் கணவரின் பாதி: தீர்ப்புக்கு முன்பே விடுதலைப் பத்திரம்

வணக்கம் சகோதரி. குன்னூர் வீடு இருவர் பெயரிலும் சரிபாதி, பரஸ்பர விவாகரத்து மனு கோர்ட்டில் இருக்கிறது, அவர் பாதியை உங்கள் பெயருக்கு மாற்ற என்ன செலவு என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து தீர்ப்புவரை காத்திருக்காதீர்கள். சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்போதே விடுதலைப் பத்திரம் (கூட்டுச் சொத்தில் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) போட்டால் அது குடும்ப உறுப்பினர்களுக்குள் நடப்பது. அவர் பங்கின் மதிப்புக்கு மட்டும் முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000. அந்தப் பாதி 30 லட்சம் என்றால் மொத்தம் 40,000தான். தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் குடும்பம் இல்லை. தீர்வை மட்டுமே 7%, அதாவது 2,10,000. அப்போது அவர் பணம் வாங்காமல் கொடுத்தால் வருமான வரியும் உங்கள் தலையில் விழலாம், முன்னாள் கணவர் அங்கே உறவினர் கணக்கில் வரமாட்டார்.

பத்திரத்தில் ‘பிரிந்து வாழும் உடன்பாட்டின்படி’ என்ற வாசகம் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால், அவர் போதிய பணம் வாங்காமல் கொடுத்த பாதி என்றால், அதன் வாடகை வருமானத்தை வருமான வரித்துறை அவர் கணக்கில் சேர்க்கலாம்.

ஒரு ஆபத்து: தீர்ப்பு வரும்வரை உங்கள் இருவரில் யாரும் விவாகரத்துக்கான சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் அவர் பங்குக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் டிடியாகக் கொடுத்து, அதன் எண்ணைப் பத்திரத்திலும் கோர்ட் உடன்பாட்டிலும் எழுதுங்கள்.

வீட்டுக்கடன் இருந்தால் முதலில் வங்கியின் தடையின்மைச் சான்று; பத்திரம் மாறினாலும் கடனிலிருந்து அவர் பெயர் தானாக நீங்காது. பதிவு முடிந்ததும் பட்டாவையும் நகராட்சி சொத்துவரியையும் மாற்றிவிடுங்கள்.