பிரான்சில் ஏழு மாதம்: பணமும் காகிதங்களும்

கேள்வி: வயது 24. எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பிரெஞ்சில் பி1 (இடைநிலை) தேறியிருக்கிறேன். பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் ஆங்கில உதவியாளர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். அங்கே பிரெஞ்சும் படிக்க வேண்டும், ஊர்களும் பார்க்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பெயரிலிருந்து தொடங்குங்கள். நம்மூர் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பிரெஞ்சுப் படிவங்களில் அதை வெறுமையாக விட முடியாது. விசாவில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, சமூகக் காப்பீட்டில் இன்னொரு மாதிரி பதிவானால் சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவு வரை எல்லாம் தடைபடும். இனிஷியலை விரித்து, பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டங்களும் நிரம்பிய புது பாஸ்போர்ட் வாங்கிய பிறகே விசாவுக்குப் போங்கள்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். அதில் உங்கள் பெயரும் பெற்றோர் இருவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. அதை முதலில் சேர்த்துவிடுங்கள். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று உறுதிசெய்யும் முத்திரை), கடைசியாகத்தான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. முன்கூட்டியே மொழிபெயர்த்தால் அப்போஸ்டில் முத்திரை அதில் இடம்பெறாது. மறுபடி காசு கொடுக்க நேரும்.

வேலை வாரத்துக்கு 12 மணி நேரம், அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. பிடித்தம் போக மாதம் 800 யூரோ அளவில் கைக்கு வரும். சிறு நகரத்தில் சிக்கனமாக வாழ இது போதும், பாரிஸில் போதாது. நெருக்கடி தொடக்கத்தில்தான். முதல் சம்பளம் அக்டோபர் கடைசிக்கு முன் வராது. வங்கி விவரம் தாமதமானால் நவம்பருக்குத் தள்ளிப்போகும். சாமான்களோடு விடும் அறைக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 400 யூரோ அறை என்றால் முன்பணம் 800, முதல் மாத வாடகை 400 என்று குடியேறும் அன்றே 1,200 போய்விடும். எனவே 2,000 யூரோவாவது கையில் இருக்கட்டும்.

அறை தேடுமுன் பள்ளிக்கு மின்னஞ்சல் போடுங்கள். விடுதி உள்ள பள்ளிகள் சில உதவியாளர்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் தருகின்றன. வெளியே எடுப்பதானால் வீட்டுக்காரர் வாடகைக்கு உத்தரவாதம் கேட்பார். 30 வயது வரையுள்ளவர்களுக்கு 'விசால்' என்ற இலவச உத்தரவாதம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இணையத்தில் பெற வேண்டும்.

நியமன ஆணை வந்ததும் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். தவறினால் உங்கள் தங்கல் சட்டவிரோதமாகிவிடும்.

படிக்க நேரம் வேண்டுமா? கால அட்டவணை போடும் முன்பே, வகுப்புகளை மூன்று நான்கு நாட்களுக்குள் அடக்கித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பிந்திக் கேட்டால் ஐந்து நாளும் ஒன்றிரண்டு மணி நேரமாகச் சிதறிவிடும். அடுத்த நிலையான பி2 தேர்வுக்கு இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் வசந்த காலத் தேர்வுக்கு இலையுதிர் காலத்திலேயே தேதி பார்த்துப் பதியுங்கள்.

ஊர் சுற்ற அக்டோபர் இறுதி, கிறிஸ்துமஸ், பிப்ரவரி வாக்கில், ஏப்ரல் வாக்கில் என இரண்டிரண்டு வார விடுமுறைகள் வரும். கடைசி இரண்டின் தேதி மண்டலத்துக்கு மண்டலம் மாறும். உங்கள் பள்ளி எந்த மண்டலம் என்று தெரிந்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். 27 வயது வரை கிடைக்கும் ரயில் சலுகை அட்டை ஆண்டுக்கு 49 யூரோ, தள்ளுபடி 30 சதவீதம். மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் தங்கலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இந்த விசா செல்லாது.