தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திற்கு நேரம் ஒதுக்கலாமா?

பெரிய கோயிலைப் பார்த்த பிறகு அரண்மனைக் கலைக்கூடத்திற்கும் போக வேண்டுமா, கோயில்களில் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி பேசிக்கொண்டு கும்பகோணம், தாராசுரம், தஞ்சை என்று ஒரே நாளில் சுற்றப் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு ஏதாவது ஓர் இடத்தைக் குறைத்துக்கொண்டாவது போங்கள். கோயிலில் உற்சவமூர்த்தியைப் பட்டும் மாலையும் மூடியிருப்பதால் முகத்தைத் தவிர அதிகம் தெரியாது. இங்கேதான் சிற்பியின் கைவேலையை உச்சி முதல் பாதம் வரை பார்க்க முடிகிறது.

என் பெரியம்மாவை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். திருவெண்காடு என்ற ஊரிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், முன்னால் நெடுநேரம் நின்றவர், "மாடு எங்கேடா?" என்று கேட்டார். கல்வெட்டின்படி 1011ஆம் ஆண்டு, முதலாம் இராசராசன் காலத்துச் செப்புத் திருமேனி அது. பாம்புகள் பின்னிய சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, ஒரு கையை மாட்டின் மீது ஊன்றியவராகச் சிவன் நிற்கிறார். ஆனால் அந்த மாடு இல்லை. இல்லாத மாட்டின் உயரம்கூட அந்தக் கையின் வளைவிலேயே தெரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டில் செய்யப்பட்ட உமையையும், அதே ஊரிலிருந்து வந்த, மணக்கோலச் சிவனான கல்யாணசுந்தரரையும் தவறவிடாதீர்கள். கைப்பிடித்த மணமகளின் நாணத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, தம் வீட்டுப் பெண்ணைச் சொல்வது போல, "தலையை நிமிர்த்தவே மாட்டேங்கிறாளே" என்றார்.

சாமியைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வழிபாட்டில் உள்ள திருமேனிகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குள் புதைந்தும் வயல்வெளியில் கேட்பாரற்றும் கிடந்தவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். தஞ்சையை ஒட்டிய கரந்தட்டாங்குடியில் கிடந்த பிரம்மா சிலையை வெளியூருக்கு எடுத்துச் செல்ல ஒருவர் அனுமதி கேட்டபோது ஊரார் மறுத்ததிலிருந்துதான் 1951இல் இந்தக் கூடம் பிறந்தது. அப்போது தஞ்சையில் அரசு அதிகாரியாக இருந்த தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் ஊர் ஊராக அலைந்து சிற்பங்களைச் சேர்க்காதிருந்தால், அவற்றில் பல இன்று எந்த நாட்டில், யார் வீட்டில் இருந்திருக்குமோ!

இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், என் மகன் படித்த பள்ளியில் இதற்கு அரைநாள் ஒதுக்கக் கேட்டபோது, பாடத்திட்டம் முடியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அதே பருவத்தில் பிள்ளைகளை நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு இரண்டு பேருந்துகளில் அழைத்துச் சென்றார்கள், பணமும் வாங்கிக்கொண்டு. பிள்ளைகள் விளையாடக் கூடாது என்பதல்ல என் வாதம். பாடத்திட்டம் இதற்கு மட்டும் ஏன் குறுக்கே வந்தது என்பதுதான்.

உங்கள் பயணத்தில் தாராசுரமும் இருப்பதால் அங்குள்ள சிவன் கோயிலை முதலில் பார்த்துவிடுங்கள். அக்கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட கசசம்காரர் இங்கே இருக்கிறார்: யானையின் தோலை விரித்து உடலை முறுக்கி ஆடும் சிவனும், குழந்தையை அணைத்தபடி அஞ்சி ஒதுங்கும் உமையும். கோயிலைப் பார்த்துவிட்டு வருபவருக்குத்தான் அந்தக் கல்லின் அருமை முழுதாகப் புரியும். சரசுவதி மகால் நூலகமும் அதே அரண்மனை வளாகத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரு மணி நேரத்திற்குள் அடக்க ஓட்டுநரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.